ரெட்ரோஆர்க்கில் கண்ட்ரோலரையும் திரையையும் அமைப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய வீடியோ கேம்களைக் கணினியில் ஓட்டத் தொடங்குபவர்கள் முதல் நாளிலேயே சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்றுதான். பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்தே மரியோ தாவுகிறார். உருவங்கள் அகலவாட்டில் இழுபட்டுக் குண்டாகத் தெரிகின்றன. பட்டன்கள் கை பழகிய இடத்தில் இல்லை. இந்த மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு. அவை இருக்கும் மெனுக்களும் வெவ்வேறு. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பவர்கள் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் கடைசியில் மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதைச் சோதித்த பின்பே அடுத்தது என்ற முறையில் இந்த வழிகாட்டி செல்கிறது.

எடுத்துக்காட்டுக்கு, பழைய கேம் இயந்திரங்களைக் கணினியில் ஓட்டிக்காட்டும் மென்பொருளான ரெட்ரோஆர்க்கை, விண்டோஸ் அல்லது லினக்ஸில் ஓடும் வடிவில் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பழைய இயந்திரத்துக்கும் உரிய எமுலேட்டர் (அந்த இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்) அதில் 'கோர்' என்ற தனிப் பகுதியாக வருகிறது. கண்ட்ரோலர், திரை, ஒலி ஆகியவற்றை ரெட்ரோஆர்க் பொதுவாகக் கவனித்துக்கொள்கிறது. எனவே இங்கே ஒருமுறை சரியாகச் செய்தால் எல்லாக் கோர்களுக்கும் அது பயன்படும். பதிப்புக்குப் பதிப்பு மெனுப் பெயர்கள் சிறிது மாறலாம்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில், 'செட்டிங்ஸ்' மெனுவின் 'கான்ஃபிகரேஷன்' பகுதியில் 'சேவ் கான்ஃபிகரேஷன் ஆன் எக்ஸிட்' என்பதை அணைத்துவிடுங்கள். இது இயங்கிக்கொண்டிருந்தால், சோதனைக்காகச் செய்த ஒவ்வொரு மாற்றமும் வெளியேறும்போது தானாகவே பதிவாகிவிடும். அணைத்திருந்தால், பிழையாக ஏதாவது செய்தாலும் மூடித் திறந்தால் போதும், பழைய நிலை திரும்பிவிடும். சரியாக அமைந்த பிறகு நாமே 'சேவ் கரண்ட் கான்ஃபிகரேஷன்' கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, திரையாகத் தொலைக்காட்சியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் ரிமோட்டை எடுத்து 'கேம் மோட்' என்பதை இயக்குங்கள். படத்தை மெருகேற்றுவதற்காகத் தொலைக்காட்சி ஒவ்வொரு பிரேமையும் (ஓடும் காட்சியின் ஒரு தனிப் படத்தையும்) பிடித்துவைத்துப் பதப்படுத்துகிறது. தாவல் தாமதத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும், ரெட்ரோஆர்க்குக்குள் எத்தனை மாற்றம் செய்தாலும் அது குறையாது. அதே மெனுவில் படத்தின் ஓரங்களை வெட்டும் வசதி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று கம்பெனிக்குக் கம்பெனி அதற்குப் பெயர் வேறுபடும்.

மூன்றாவது, '240பி டெஸ்ட் சூட்' என்ற இலவசச் சோதனை நிரலைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நின்டெண்டோவின் நெஸ், சூப்பர் நெஸ், சேகாவின் மெகா டிரைவ் ஆகிய பழைய கேம் இயந்திரங்களுக்கெல்லாம் இது உண்டு. வட்டங்கள், கட்டங்கள், நகரும் பின்னணி, தாமதச் சோதனை ஆகியவை இதில் இருப்பதால், கேமை ஓட்டிப் பார்த்து 'ஏதோ சரியில்லை' என்று ஊகிப்பதைவிடத் துல்லியமாக முடிவெடுக்கலாம். காப்புரிமைச் சிக்கலும் இதற்குக் கிடையாது. கேம்களைப் பொறுத்தவரை உங்கள் சொந்தக் கேசட்டிலிருந்து எடுத்தவற்றையே பயன்படுத்துங்கள்.

கண்ட்ரோலர்: முதலில் இயந்திரம், பிறகு மென்பொருள்

புதிய கண்ட்ரோலரை ரெட்ரோஆர்க்கில் சோதிக்காமல், விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் உள்ள கேம் கண்ட்ரோலர் சோதனைப் பக்கத்தில் முதலில் சோதியுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு விளக்கு எரிகிறதா, திசைப் பட்டனை ஒரு பக்கம் அழுத்தினால் அந்த ஒரு திசை மட்டும் காட்டுகிறதா என்று பாருங்கள். மலிவான கண்ட்ரோலர்களில் கீழ்த்திசையை அழுத்தினால் இடமோ வலமோ சேர்ந்து பதிவாவது வழக்கம். கான்ட்ரா விளையாடுபவர்களுக்கு இதன் வலி தெரியும்: கீழே அழுத்தினால் வீரர் படுத்துக்கொள்ள வேண்டும், கூடவே வலப்பக்கமும் சிறிது பதிவானால், படுக்காமல் சாய்வாகச் சுட்டபடி ஓடி நேராகக் குண்டில் போய் மோதுவார். இது கண்ட்ரோலரின் ரப்பரில் உள்ள குறை. எந்த மெனுவாலும் இதைத் தீர்க்க முடியாது.

இன்னொரு கோளாறு எனக்கே ஒரு முழு மாலையைத் தின்றது. கடையில் வாங்கிய ஒரு சாதாரண யூஎஸ்பி கண்ட்ரோலரில் எல்லாப் பட்டன்களையும் பொறுமையாகப் பதிவு செய்து முடித்தேன். அரை மணி நேரம் கழித்துத் திசைப் பட்டன் முற்றிலும் செத்துப்போனது. மறுபடி பதிவு செய்தால் வேலை செய்தது, பிறகு மறுபடி செத்தது. நடுவில் இருந்த 'அனலாக்' என்ற சிறு பட்டன் கட்டை விரல் பட்டு அமுங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். அதன் சிவப்பு விளக்கு அணைந்திருக்கும்போது அந்தக் கண்ட்ரோலர் திசைப் பட்டனை இடது ஜாய்ஸ்டிக்காகக் கணினியிடம் அறிவிக்கிறது. விளக்கு எரியும்போது அதையே தனித் திசைப் பட்டனாக அறிவிக்கிறது. விளக்கை எரியவிட்டு, அந்த நிலையில் மட்டுமே பதிவு செய்வது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. 8பிட்டூ கண்ட்ரோலர்களிலும் இதைப் போன்ற நிலைகள் உண்டு. ஸ்டார்ட்டுடன் எக்ஸ் பட்டனைச் சேர்த்துப் பிடித்து இயக்கினால் எக்ஸ்-இன்புட் முறையில், அதாவது எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரைப் போல, தொடங்கும். விண்டோஸில் அதுவே சிக்கலற்றது.

இப்போது ரெட்ரோஆர்க்குக்கு வருவோம். 'ஆன்லைன் அப்டேட்டர்' மெனுவில் கண்ட்ரோலர் புரொஃபைல்களைப் புதுப்பித்துவிட்டுக் கண்ட்ரோலரைச் செருகினால், பெரும்பாலானவை பெயருடன் அடையாளம் காணப்படும். காணப்படவில்லை என்றால் 'செட்டிங்ஸ்', 'இன்புட்', 'ரெட்ரோபேட் பைண்ட்ஸ்', 'போர்ட் 1 கண்ட்ரோல்ஸ்' என்று போய் 'செட் ஆல் கண்ட்ரோல்ஸ்' கொடுத்து, திரை கேட்கும் வரிசையில் அழுத்திப் பதிவு செய்ய வேண்டும்.

பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். ரெட்ரோபேட் என்பது உங்கள் கண்ட்ரோலருக்கும் கோருக்கும் நடுவே ரெட்ரோஆர்க் வைத்திருக்கும் ஒரு கற்பனைக் கண்ட்ரோலர். அதன் அமைப்பு சூப்பர் நெஸ் கண்ட்ரோலரைப் பின்பற்றியது: கீழே பி, வலப்பக்கம் ஏ, இடப்பக்கம் ஒய், மேலே எக்ஸ். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரிலோ கீழே இருப்பது ஏ, வலப்பக்கம் இருப்பது பி. ஆகவே திரை 'பி' என்று கேட்கும்போது கண்ட்ரோலரில் அச்சிடப்பட்ட பி எழுத்தைத் தேடக் கூடாது. கீழே உள்ள பட்டனை அழுத்த வேண்டும். எழுத்தை மறந்து இடத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். கீழ்க்கண்ட பத்திகளிலும் கீழ், வலம், இடம், மேல் என்றே குறிப்பிடுகிறேன்.

இந்தப் பதிவு முடிந்த பிறகு, குறிப்பிட்ட ஒரு கேமுக்காகவோ கோருக்காகவோ இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வரவே கூடாது. உங்கள் கண்ட்ரோலருக்கும் ரெட்ரோபேடுக்கும் உள்ள உறவு நிலையானது. மாற வேண்டியது ரெட்ரோபேடுக்கும் கோருக்கும் உள்ள உறவு. அதற்குக் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது திறக்கும் 'குயிக் மெனு'வின் 'கண்ட்ரோல்ஸ்' பகுதி இருக்கிறது.

நெஸ் கேம்களை எடுத்துக்கொள்வோம். பழைய நெஸ் கண்ட்ரோலரில் பியும் ஏயும் பக்கத்தில் பக்கத்தில் கிடைமட்டமாக இருந்தன; பியை விரல் நுனியால் பிடித்தபடியே கட்டை விரலைச் சாய்த்து ஏயை அழுத்தி, ஓடிக்கொண்டே தாவ முடிந்தது. கோர் இயல்பாகத் தரும் அமைப்பில் பி கீழேயும் ஏ வலப்பக்கமும் அமைகின்றன; அந்தச் சாய்வு சிலருக்குக் கைவராது. இடப்பக்கப் பட்டனைப் பியாகவும் கீழ்ப் பட்டனை ஏயாகவும் மாற்றினால் கட்டை விரல் இயல்பாகப் படியும்.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களில் பலர் அசல் நெஸ்ஸைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டில் இருந்தது 'டிவி கேம்' என்று வாங்கிய நகல் இயந்திரமும் '9999 இன் 1' என்று எழுதிய கேசட்டும்தான். அந்தக் கண்ட்ரோலர்கள் பலவற்றில் நான்கு பட்டன்கள் இருந்தன: கீழ் வரிசையில் பியும் ஏயும், மேல் வரிசையில் அவற்றின் டர்போ வடிவங்களும். அழுத்திப் பிடித்தால் குண்டு தானாகப் பொழியும். அதை அப்படியே மீட்க முடியும். நெஸ்ஸுக்கான எஃப்சிஇயூஎம்எம் கோரின் 'கோர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'டர்போ' என்பதை முதல் ஆட்டக்காரருக்கு இயக்குங்கள். பிறகு 'கண்ட்ரோல்ஸ்' பகுதியில் இடப்பக்கப் பட்டனுக்குப் பி, கீழ்ப் பட்டனுக்கு ஏ, மேல் பட்டனுக்கு டர்போ பி, வலப்பக்கப் பட்டனுக்கு டர்போ ஏ என்று அமையுங்கள். பழைய நான்கு பட்டன் சதுரத்தைச் சற்றே சுழற்றி வைத்தால் கிடைக்கும் அதே அமைப்பு இது. கை இரண்டே நிமிடத்தில் பழகிவிடும். டர்போ வேகம் அதிகமாகத் தோன்றினால் பக்கத்திலேயே உள்ள 'டர்போ டிலே' எண்ணைக் கூட்டுங்கள்.

மற்ற இயந்திரங்களுக்குச் சுருக்கமாக. மெகா டிரைவுக்கான ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் கோரில் இடம், கீழ், வலம் ஆகிய மூன்றும் முறையே ஏ, பி, சி. இதை மாற்றத் தேவையில்லை. முதல் பிளேஸ்டேஷன் கேமில் ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை என்றால் அது பழுதன்று. 'கண்ட்ரோல்ஸ்' பகுதியில் 'டிவைஸ் டைப்' என்பதைச் சாதாரணக் கண்ட்ரோலரிலிருந்து ஜாய்ஸ்டிக் உள்ள டூயல்ஷாக்காக மாற்ற வேண்டும். டூயல்ஷாக் வெளிவருவதற்கு முந்தைய சில கேம்கள் அதை ஏற்காமல் போகலாம், அவற்றுக்குப் பழையபடியே விட்டுவிடுங்கள். ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலேயே உருவம் நகர்ந்தால் 'இன்புட்' பகுதியில் 'அனலாக் டெட்ஸோன்' மதிப்பை 0.15 அளவுக்கு உயர்த்துங்கள்.

விசைப்பலகையைத் தேடாமல் மெனுவைத் திறப்பதற்கு 'ஹாட்கீஸ்' பகுதியில் 'மெனு டாகிள்' சேர்க்கையாக ஸ்டார்ட்டையும் செலக்ட்டையும் வையுங்கள். ஆட்டத்தின் நடுவே தவறி அமுங்க வாய்ப்புக் குறைவான சேர்க்கை அது.

திரை: வடிவம்

'செட்டிங்ஸ்', 'வீடியோ', 'ஸ்கேலிங்' பகுதியில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' இருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடிய எல்லா இயந்திரங்களுக்கும் 4:3 என்பதே விடை. 16:9 திரை முழுவதையும் நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும், வட்டம் முட்டையாகும். டெஸ்ட் சூட்டின் வட்டப் படத்தைத் திறந்து திரையில் ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

பிக்சல் சதுரமாக இருப்பதே தூய்மையானது என்று நம்பி '1:1' விகிதத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கேமின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் கடை இயந்திரம்) பலகை 384க்கு 224 பிக்சலில் வரைந்தது. அது 4:3 திரையில் நெருக்கப்பட்டுத் தெரியும் என்பதைக் கணக்கில் வைத்தே ஓவியர்கள் வரைந்தார்கள். சதுரப் பிக்சலில் பார்த்தால் சண்டைக்காரர்கள் எல்லோரும் கால் பங்குக்கும் மேலாகப் பருத்துவிடுவார்கள். எதிர்ப்பக்கத்தில், கேம்பாய் அட்வான்ஸ் போன்ற கையடக்க இயந்திரங்களின் பிக்சல்கள் உண்மையாகவே சதுரம்; அங்கே 240க்கு 160, அதாவது 3:2. பேக்-மேன் போன்ற பழைய ஆர்கேட் கேம்கள் சில நெட்டுக்குத்தான திரைக்காக வரையப்பட்டவை; அவற்றை 4:3க்கு இழுக்காமல் 3:4 ஆகவே விட வேண்டும். இந்த வேறுபாடுகளை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பாதவர்கள் 'கோர் புரொவைடட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகவே அமையும்.

திரை: அளவு

சூப்பர் நெஸ் படத்தின் உயரம் பொதுவாக 224 வரிகள். 1080 வரிகள் உள்ள திரையில் அதை முழுமையாக விரித்தால் ஒவ்வொரு வரிக்கும் 4.82 வரிகள் கிடைக்க வேண்டும். அரைகுறை வரி என்று ஒன்று இல்லாததால் சில வரிகள் ஐந்தாகவும் சில நான்காகவும் விரிகின்றன. நின்ற படத்தில் இது தெரியாது. பின்னணி மேலும் கீழும் நகரும்போது படம் நெளிவது போலத் தோன்றும். 'இன்டிஜர் ஸ்கேல்' என்பதை இயக்கினால் சரியாக நான்கு மடங்கு, அதாவது 896 வரிகள் வரும். மேலும் கீழும் 92 வரிகள் கறுப்பாக விடப்படும். 768 வரி மடிக்கணினியில் மூன்று மடங்கு, 672 வரிகள். நெஸ்ஸின் முழு 240 வரிகளுக்கு 4கே திரை கனகச்சிதம்: ஒன்பது மடங்கு சரியாக 2160.

கறுப்புப் பட்டை உறுத்துகிறது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1080 திரையில் ஐந்து மடங்காக்கினால் 1120 வரிகள் வரும். மேலும் கீழும் கேமின் நான்கு நான்கு வரிகள் மட்டும் வெட்டுப்படும். பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் ஓரத்தில் இதைவிட அதிகமாகவே மறைத்தன. புதிய பதிப்புகளில் இதற்கென்றே 'ஓவர்ஸ்கேல்' தெரிவு இருக்கிறது. நான் பெரும்பாலும் இதையே பயன்படுத்துகிறேன்.

உயரத்தில் முழு மடங்கு வந்தாலும், 256 பிக்சல் அகலம் 4:3 விகிதத்தில் 1195 ஆக விரியும்போது அகலவாட்டில் அரைகுறை மிஞ்சும். 'பைலீனியர் ஃபில்டரிங்' இதை மறைக்கும், ஆனால் படம் முழுவதும் மங்கிவிடும். 'ஷார்ப்-பைலீனியர்' என்ற ஷேடர் (படத்தைத் திரையில் காட்டும் முன் மாற்றும் சிறு நிரல்) பிக்சல்களின் விளிம்பை மட்டும் கலந்து, நடுவைக் கூர்மையாக விடுகிறது. திறன் குறைந்த கணினியிலும் ஓடும்.

குழாய்த் தொலைக்காட்சியின் தோற்றம் வேண்டுமானால் 'ஷேடர்ஸ்' பகுதியில் சிஆர்டி வகையிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இது வெறும் பழமை மோகமன்று. 1991-இல் வந்த சோனிக் கேமின் முதல் கட்டத்தில் அருவிகள் செங்குத்துக் கோடுகளாக வரையப்பட்டிருக்கின்றன. சாதாரண வீடியோ வயரில் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்து, அவை பின்னால் இருப்பது தெரியும் நீராகத் தோன்றின. கூர்மையான திரையில் வெறும் கம்பி வேலிதான். அந்தக் கலவையை உருவாக்கும் என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சி முறை) ஷேடர்கள் அந்த நீரை மீட்கின்றன. திறன் குறைந்த கணினிக்கு 'இசட்ஃபாஸ்ட்-சிஆர்டி' போதும். கையடக்க இயந்திரங்களுக்கு மட்டும் சிஆர்டி ஷேடரைப் போடாதீர்கள். அவற்றில் குழாய்த்திரை இருந்ததே இல்லை.

திரை: வேகம்

நெஸ் நொடிக்கு 60.1 பிரேம், கேம்பாய் அட்வான்ஸ் 59.73, நியோ ஜியோ 59.19 என்று ஓடின. 60 ஹெர்ட்ஸ் திரையில் ரெட்ரோஆர்க் இவற்றை இம்மியளவு முடுக்கியோ தாமதித்தோ திரையோடு ஒட்டவைத்து, ஒலியையும் அதற்கேற்ப இழுத்துக்கொள்கிறது. ஒலி கரகரத்தால் 'வீடியோ', 'அவுட்புட்' பகுதியில் பதிவாகியுள்ள திரை வேகம் உண்மையான திரை வேகத்தோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

'மரியோ அப்போது இவ்வளவு வேகமாக ஓடவில்லையே' என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் நினைவு பிசகவில்லை. இந்தியத் தொலைக்காட்சிகள் நொடிக்கு 50 என்ற பிஏஎல் முறையைப் பின்பற்றியதால், அதற்கென்று தயாரான நகல் இயந்திரங்களில் கேம் ஏறத்தாழ 17 சதவீதம் மெதுவாக ஓடியது. ஆனால் அவற்றின் செயலி 1.77 மெகாஹெர்ட்ஸில், அதாவது அசலின் 1.79க்கு மிக அருகில் ஓடியதால், பாட்டின் தாளம் மட்டும் தளர்ந்ததே தவிரச் சுருதி இறங்கவில்லை. 1992-இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த டெண்டி என்ற நகலின் பெயரால் எஃப்சிஇயூஎம்எம் கோரில் 'ரீஜன்' தெரிவில் 'டெண்டி' என்று இருப்பது இந்த முறைதான். அதைத் தேர்ந்தெடுத்தால் திரையையும் விண்டோஸில் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இல்லையேல் ஐந்து பிரேமுக்கு ஒன்று இரட்டிப்பாகி ஓட்டம் தடுக்கும். இங்கே விற்கும் தொலைக்காட்சிகள் பொதுவாக 50 ஹெர்ட்ஸை ஏற்கும்; கணினி மானிட்டர்களில் பல ஏற்காது. நினைவுக்காக ஒருமுறை விளையாடுவதற்கு டெண்டி இனிமையானது. கேமை முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் நான் 60க்கே போகிறேன்.

தாமதத்தை எண்ணிக் குறைப்பது

தொலைக்காட்சியின் கேம் மோட் ஏற்கெனவே இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 'லேட்டன்சி' பகுதியில் உள்ள 'ரன்-அஹெட்' வசதி 2018-இல் வந்தது. பட்டன் அழுத்தத்தைக் கேம் தானே சில பிரேம்கள் வைத்திருந்துதான் திரையில் காட்டும். ரன்-அஹெட் அந்தப் பிரேம்களைத் திரைக்குத் தெரியாமல் முன்கூட்டியே ஓட்டி விடையைக் காட்டுகிறது. எத்தனை பிரேம் என்பதை ஊகிக்கக் கூடாது, எண்ண வேண்டும். கேமில் உருவம் சும்மா நிற்கும்போது விசைப்பலகையில் பி (P) விசையை அழுத்தி நிறுத்துங்கள். தாவும் பட்டனைப் பிடித்தபடி கே (K) விசையை ஒவ்வொரு முறையாக அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். மூன்றாவது அழுத்தத்தில் உருவம் அசைந்தால், கேமின் சொந்தத் தாமதம் இரண்டு; ரன்-அஹெட்டில் 2 வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கூடுதலாக வைத்தால் தாவலின் முதல் பிரேம்கள் விழுங்கப்பட்டு, உருவம் தரையிலிருந்து துள்ளிக் காற்றில் தோன்றும். ஒவ்வொரு பிரேமும் 16.7 மில்லி விநாடி என்பதால் இரண்டைக் குறைத்தாலே விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு பிரேமுக்கும் கணினி பல மடங்கு வேலை செய்ய வேண்டியிருப்பதால் பழைய மடிக்கணினியில் பிளேஸ்டேஷனுக்கு இதை முயலாதீர்கள்.

எங்கே பதிவு செய்வது

மூன்று இடங்கள் இருக்கின்றன. கண்ட்ரோலர் பதிவு, மெனு சேர்க்கை, திரை வேகம் ஆகிய பொதுவானவை முதன்மைக் கோப்புக்குரியவை. எந்தக் கேமும் திறக்காமல் இருக்கும்போது 'சேவ் கரண்ட் கான்ஃபிகரேஷன்' கொடுங்கள். கேம் ஓடும்போது கொடுத்தால் அந்த ஒரு கேமுக்கான மதிப்புகள் எல்லாவற்றுக்கும் கசிந்துவிடும். ஷார்ப்-பைலீனியர், சிஆர்டி போன்ற ஷேடர்களை 'ஷேடர்ஸ்' பகுதியிலேயே 'சேவ் கோர் பிரிசெட்' என்றும், விகிதம், மடங்கு, ரன்-அஹெட் ஆகியவற்றை 'ஓவர்ரைட்ஸ்' பகுதியில் கோருக்கென்றோ கேமுக்கென்றோ பதிவு செய்யுங்கள். பட்டன் மாற்றங்களுக்கு 'கண்ட்ரோல்ஸ்' பகுதியிலேயே தனி 'ரீமேப்' கோப்பு உண்டு. ஒரே அமைப்புக்குக் கோர், கேம் இரண்டிலும் பதிவு இருந்தால் கேமுக்குரியதே வெல்லும். ஆகவே கோரில் செய்த மாற்றம் ஒரே ஒரு கேமில் மட்டும் எடுபடவில்லை என்றால், அந்தக் கேமுக்கென்று என்றோ பதிவு செய்து மறந்த கோப்பைத் தேடி நீக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் ரெட்ரோஆர்க்கை மூடி, கண்ட்ரோலரைப் பிடுங்கி, மறுபடி செருகித் திறந்து பாருங்கள். இரண்டு கண்ட்ரோலர் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ப்ளூடூத்தில் இணைப்பவர்கள், எதை முதலில் இயக்குகிறார்களோ அதுவே முதல் ஆட்டக்காரராகிவிடுவதைக் காண்பார்கள். 'போர்ட் 1 கண்ட்ரோல்ஸ்' பகுதியின் 'டிவைஸ் இண்டெக்ஸ்' வரியில் அதை மாற்றிக்கொள்ளலாம். அல்லது தம்பி இரண்டாவதாக இயக்கட்டும்.